ராட்டினத்தின் உச்சியில் மகாராணி

வேங்கைநாட்டு மகாராஜா மகுடவர்மருக்கு இரண்டு விஷயத்தில் யாரும் குறுக்கே வரக் கூடாது. ஒன்று சாப்பாடு. இன்னொன்று சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிற தூக்கம். அவர் கண்ணயர்ந்தால், காதுக்கு எட்டுகிற தூரம் வரை ஒரு சத்தம் எழக் கூடாது. எழுப்பினவனுக்குத் தலை போய்விடும். அவருடைய தாத்தா போட்ட சட்டம் அது. அரண்மனையைச் சுற்றி வெறும் நந்தவனம், அதனால் காக்கைகளைத் தவிர யாருக்கும் நஷ்டமில்லை.

அந்த வருஷம் ஆற்றங்கரையில் பெரிய கேளிக்கைத் திடல் போட்டார்கள். பனைமர உயரத்துக்கு ராட்டினம், சறுக்கு மேடை, கரடி வித்தை, பொம்மலாட்டம், எல்லாம் உண்டு. குடும்பத்தோடு போய்ச் சில நாள் தங்குவது என்று முடிவாயிற்று. சரி, எங்கே தங்குவது? அங்கேதான் பிடித்தது வம்பு!

"திடலுக்கு நடுவிலேயே கூடாரம் போட்டுவிடலாம் மகாராஜா. காலை எடுத்து வெளியே வைத்தால் ராட்டினம்!" என்றார் மந்திரி பேரின்பநாதர். கூடாரம் போடுகிற வேலை அவருடைய மைத்துனருக்கு. அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

சபையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன விகடகவி அம்பலத்தான் எழுந்தான். "குன்றுக்கு அந்தப் பக்கம் தோப்பு மாளிகை இருக்கிறது மகாராஜா. கொஞ்சம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். சாப்பாடு முடிந்ததும் தாங்கள்..."

"நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாதா? உட்கார்!" மகாராஜாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "நடக்க வேண்டுமாம், நடக்க! கூடாரம்தான். பிள்ளைகள் உன் பொறுப்பு. அவர்கள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தாலும் நாளையிலிருந்து நீ சபைக்கு வர வேண்டாம்."

இந்த வேலையை விட்டால் அம்பலத்தானுக்கு வேறு ஒன்றும் தெரியாது. வாயை வைத்துப் பிழைப்பவனை எந்த வயலில் சேர்ப்பார்கள்?

திடலுக்குப் போனார்கள். காலையெல்லாம் ஒரே கும்மாளம். மத்தியானம் மகாராஜா மூன்று வகைப் பாயசத்தையும் ஒரு கை பார்த்துவிட்டுக் கூடாரத்துக்குள் சாய்ந்தார். காவலர் தலைவன் சிவப்புக் கொடியை ஏற்றினான்.

அவ்வளவுதான். மேளம் நின்றது. கரடிகூட உட்கார்ந்துவிட்டது. ராட்டினம் 'கிரீச்' என்கிற ராட்டினமாயிற்றே, அதையும் பிடித்து நிறுத்திவிட்டார்கள்.

உச்சித் தொட்டியில் மகாராணி செண்பகவல்லி! மடியில் இரண்டு பிள்ளைகள்!

இறக்கலாம் என்றால் ராட்டினம் சுற்ற வேண்டும். சுற்றினால் கிரீச். கிரீச் என்றால் தலை. மகாராணியாக இருந்தால் என்ன, சட்டம் அவளுக்கும் சேர்த்துத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கையை ஆட்டினாள். வெயிலோ மண்டையைப் பிளந்தது. மூத்தவளுக்கு உதடு பிதுங்கத் தொடங்கியது. இளையவன் பாவம், சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினான்.

"ஐயோ" என்று அம்பலத்தான் மனசுக்குள்ளேயே அலறினான்.

மந்திரி ராட்டினத்துக்கு நேர் கீழே நின்று மேலே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இளையவன் எவ்வளவு நேரம்தான் பொறுப்பான்? பட்டுத் தலைப்பாகை சொதசொதவென்று நனைந்தது. மந்திரியாலும் வாய் திறக்க முடியவில்லை. கும்பிட்ட கையோடு அப்படியே நின்றார்.

அம்பலத்தான் பல்லக்குத் தூக்குகிற எட்டுப் பேருக்கும் சைகை காட்டினான். எல்லோரும் பூனை மாதிரி கூடாரத்து வாசலை நெருங்கினார்கள். காவலர் தலைவன் வாளை உருவினான். அம்பலத்தான் பேசாமல் மேலே கையைக் காட்டினான். தலைவன் நிமிர்ந்து பார்த்தான். மகாராணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாளை உறையில் போட்டுவிட்டு, தானே முதலில் உள்ளே போய்க் கட்டிலின் ஒரு காலைப் பிடித்தான்.

மெத்தை, தலையணை, மகாராஜா எல்லாமாகக் கட்டில் கிளம்பியது. பாதி வழியில் மகாராஜா புரண்டு படுத்து, "இன்னும் ஒரு கரண்டி ஊற்று" என்றார். தூக்கியவர்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

குன்றைத் தாண்டியதும் கொடி இறங்கியது. மேளம் கொட்டியது, ராட்டினம் சுற்றியது. அம்பலத்தான் ஓடிப்போய், இறங்கிய பிள்ளைகளுக்குப் பனைவெல்லம் கொடுத்துச் சிரிக்க வைத்துவிட்டு, மூச்சிரைக்கத் தோப்புக்குத் திரும்பினான்.

மகாராஜா அப்போதுதான் கண்ணைத் திறந்தார். "இது எந்த இடமடா?"

"தோப்பு மாளிகை, மகாராஜா."

"தூங்குகிற என்னைத் தொட உனக்கு என்ன துணிச்சல்!"

"எழுப்பக் கூடாது என்றுதான் சட்டம். தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்று தங்கள் தாத்தா சொல்லவே இல்லை." பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

மகாராஜாவின் முகம் வெளுத்தது. "பிள்ளைகள் கண்ணில் தண்ணீர் வந்ததா?"

"கண்ணில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை மகாராஜா. வந்ததெல்லாம் மந்திரியின் தலைப்பாகையில் இருக்கிறது."

"மகாராணி?"

"இறங்கினதும் நேரே கூடாரத்துக்குப் போனார். தங்களைக் காணோம். மந்திரி அகப்பட்டுக்கொண்டார். மகாராணி முதலில் தங்கள் தூக்கத்தைத் திட்டினார். அப்புறம் தங்கள் தாத்தாவை. நான் கிளம்பும்போது கொள்ளுத்தாத்தாவுக்குப் போயிருந்தார். திடலில் மேளக்காரர்களே வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்."

மகாராஜா நடுங்கிப்போய்க் காதைத் தீட்டிக்கொண்டார். ஒரு குயில் கூவியது. வேறு ஒன்றுமில்லை.

"இங்கே எனக்கு ஒன்றுமே கேட்கவில்லையே!"

"அதனால்தான் மகாராஜா, தங்குவதற்கு இதுதான் நல்ல இடம் என்று அன்றைக்கே சொல்ல வந்தேன்."

மகாராஜா கைவிரல் மோதிரத்தைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டு, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். வாயை இறுகப் பொத்திக்கொண்டுதான்.