பழைய ரோட்டில் கொம்பையா கடை

அருமைநாயகம் யார் காலிலும் விழுந்தவர் அல்ல. வடிவம்மாவின் மடத்துக்கு வரத் தொடங்கி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் ஒரு தடவை கை கூப்பியதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவார். எல்லோரும் தரையில் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்பார். பழைய தோழர்கள் யாராவது பார்த்துவிட்டால், "இந்தப் பக்கம் காத்து நல்லா வருது" என்பார்.

வடிவம்மா அவரைவிட இருபது வயது இளையவர். கோவில்பட்டிக்கு மேற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில், இரண்டு அறையும் ஒரு கிணறும்தான் மடம். காவி கிடையாது, விபூதி கிடையாது. காய்கறி வாங்கப் போகிற பழைய மாருதி வேனை அவரே ஓட்டுவார். நாயகத்தை அண்ணாச்சி என்று கூப்பிடுவார்.

அன்று காலை நாயகம் நாற்காலியைத் தேடவில்லை. நின்றபடியே கேட்டார்.

"நாளைக்குத் தூத்துக்குடியில எனக்குப் பாராட்டு விழா. பொன்னாடை போர்த்துவாங்க. மைக்கைக் கையில குடுப்பாங்க. நான் என்ன பேசட்டும்?"

"என்ன பேசத் தோணுது?"

"எல்லாம் வீண்னு சொல்லிட்டு எறங்கிரலாம்னு தோணுது."

வடிவம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"செங்குளத்துக்குப் பிரியுற விலக்குல கொம்பையா கடை" என்றார் நாயகம். "மேலத்தெருக்காரனுக்குக் கண்ணாடிக் கிளாஸு. கீழத்தெருக்காரனுக்கு வாசல் வேப்பமரத்துல தொங்குற அலுமினியக் குவளை. அவனே எடுத்து, குடிச்சு, அவனே கழுவி மாட்டணும். அத்தனை குவளையையும் அள்ளி ரோட்டுல போட்டுக் கல்லால நசுக்கினேன். அந்த வாசல்லயே என் தோள்பட்டையை ஒடிச்சாங்க. ஜெயிலுக்கும் போனேன். நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னிக்கும் பேப்பரைத் திறந்தா அதே சேதி, வேற ஊரு பேரு. நான் நசுக்கினது நசுங்கிச்சா இல்லையா? அது தெரியாம நான் மேடை ஏற மாட்டேன்."

வடிவம்மா கீரைக்கட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"டீ குடிக்கப் போவமா அண்ணாச்சி?"

"கேள்வி கேட்டா டீங்கிறீங்க."

"அந்தக் கடையிலதான்."

நாலுவழிச்சாலையில் போய்ப் பாதியில் இறங்கிக்கொள்ளலாம், சீக்கிரம் போய்விடலாம் என்றார் நாயகம். வடிவம்மா கேட்கவில்லை. கடை பழைய ரோட்டில் என்றால் பழைய ரோட்டிலேயே போவோம் என்றார்.

பழைய ரோடு என்பது பேருக்குத்தான் ரோடு. நாலுவழிச்சாலை வந்த அன்றே அரசாங்கம் அதைக் கைகழுவிவிட்டது. சுங்கம் வசூலிக்க முடியாத ரோட்டுக்கு எவன் தார் ஊற்றுவான்? குழிக்குக் குழி வேன் குனிந்து குனிந்து கும்பிட்டுக்கொண்டே போனது. வடிவம்மாவுக்கு அவசரமே இல்லை. ஆட்டுக்கு நின்றார். ஆட்டுக்காரனிடம் பேச நின்றார். கொய்யாப்பழக் கூடையைப் பார்த்து நின்றார்.

ஒரு புளியமரத்தடியில் ஒருவர் நுங்கு சீவிக்கொண்டிருந்தார். வேன் அங்கேயும் நின்றது.

நாயகம் இறங்கி மரத்தைத் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இந்த மரந்தான். இதுக்குக் கீழதான் இன்னொரு போராட்டத்துல தடியடி. நான் இந்த வேருல ஏறி நின்னு கத்துறேன், போலீஸ்காரன் அங்கிருந்து வாறான்..."

"இந்த மரமா?" என்றார் நுங்குக்காரர். "இது நான் பள்ளிக்கூடத்துல படிக்கும்போது நட்டது பெரியவரே. மரம் நடுற விழான்னு வாத்தியார் குடுத்தாரு."

"அப்ப இதுக்கு முன்னாடி இங்க இருந்த மரம்?"

"இங்க மரமே இல்ல. கெணறு இருந்துச்சு."

நாயகம் ரோட்டின் இருபுறமும் பார்த்தார். எல்லாப் பக்கமும் ஒரே கரிசல், ஒரே சீமைக்கருவேலம். கிணற்று மேட்டில் ஏறி நின்றா பேசினோம்? அல்லது அது வேறு ஊரா?

"நுங்கு நல்லா இருக்கு அண்ணாச்சி. எளசு" என்றார் வடிவம்மா.

அடுத்த ஊர் ஒரு காலத்தில் பஸ் நின்று ஜனம் இறங்கிச் சேவு வாங்கிய ஊர். இப்போது ஒரே ஒரு சேவுக்கடை மிச்சம். வடிவம்மா காரச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். நாயகம் எதிர்ச் சுவரைப் பார்த்தார். அந்தச் சுவரில் அன்று அவர் கையால் எழுதியது இருந்தது: ஒரு மனிதன், ஒரு குவளை. செங்காவியைக் கரைத்து, ராத்திரி முழுக்க ஏணியில் நின்று எழுதியது. இப்போது பனியன் விளம்பரம். அதற்கு மேலே சிமென்ட் விளம்பரம். அவர் சுவருக்கு நெருங்கிப் போய் நகத்தால் சுரண்டினார். பின்வாங்கி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரைக்கும் அடி வைத்து நடந்தார்.

வீட்டுக்காரர் வேட்டியைக் கட்டிக்கொண்டே ஓடி வந்தார்.

"சார், சார்! அளவெடுக்க வந்திருக்கீங்களா?"

"என்ன அளவு?"

"ரோட்டை அகலப்படுத்தப் போறாகளாமில்ல. முன்வாசல் போனாப் போகட்டும் சார், இந்தச் சுவரை மட்டும் விட்டுருங்க. விளம்பரத்துக்கு விட்டிருக்கேன்."

"நான் ரோட்டுக்காரன் இல்லய்யா. இந்தச் சுவத்துல நான் எழுதியிருந்தேன்."

வீட்டுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க பெயிண்டரா?"

பின்னால் வேன் படியில் காரச்சேவு மெல்லுகிற சத்தம் நின்று, வடிவம்மா சிரிப்பது கேட்டது. நாயகம் வந்து ஏறிக்கொண்டார். ஜெயிலில் கேட்டதைவிடக் கேவலமான கேள்வி அது என்று அவருக்குப் பட்டது. ஆனாலும், அது அந்தச் சுவர்தானா? அவர் எழுதிய சுவருக்குப் பக்கத்தில் ஒரு சந்து இருந்ததாக ஞாபகம். இங்கே சந்து இல்லை.

செங்குளம் விலக்கு வந்தபோது நாயகம் ஒத்துக்கொள்ளவில்லை.

"இது இல்ல. கொம்பையா கடை பனையோலைக் கூரை. இது காங்கிரீட்டு."

"பலகையில செங்குளம்னு போட்டிருக்கே?"

"பலகையை எவன் வேணா எங்க வேணா நடுவான். வண்டியை எடுங்க."

அடுத்த விலக்குக்குப் போனார்கள். அங்கே கடையே இல்லை. அதற்கடுத்த விலக்கில் விலக்கே இல்லை, ஒரு காற்றாலைக்குப் போகிற மண்பாதை. வடிவம்மா வண்டியைத் திருப்பி முதல் இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்தினார்.

வாசலில் ஒரு வேப்பமரம் நின்றது. நாயகம் அதைத் தொடப் போகவில்லை. மரத்தை நம்பிப் பட்டது போதும்.

அடுப்படியில் ஒரு நடுவயதுப் பெண் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் ஏழெட்டுப் பேர்: இரண்டு ஆட்டு வியாபாரிகள், நூறுநாள் வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்கள், கல்லூரிப் பையன்கள்.

"இது கொம்பையா கடையாம்மா?"

"ஆமா. எங்க மாமனாரு. அவரு போய்ச் சேந்து ரொம்ப வருஷமாச்சு. உக்காருங்க. சீனி போடலாமா?"

நாயகம் பெஞ்சு நுனியில் உட்கார்ந்தார். "இங்க ஒரு போராட்டம் நடந்துச்சே, தெரியுமா?"

"தண்ணிக்கா?"

"தண்ணிக்கு இல்லம்மா."

"நான் விருதுநகர்ப் பக்கம். கட்டிக்குடுத்து வந்தவ" என்று சொல்லி அவள் கிளாஸை நீட்டினாள்.

கண்ணாடிக் கிளாஸ். நாயகம் பெஞ்சை ஒரு முறை நோட்டம் விட்டார். எல்லார் கையிலும் கண்ணாடிக் கிளாஸ், பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்ட வடிவம்மா கையிலும். சரி. சரி என்று நினைத்து ஒரு வாய் குடித்தார். அப்புறம்தான் வெளியே பார்த்தார்.

வேப்பமரத்தடியில் ஒரு ஆள் தனியாக நின்றுகொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும். நீலச் சட்டை. பக்கத்தில் பைக். அவன் கையில் மட்டும் பேப்பர் கப்.

நாயகத்துக்குத் தோள்பட்டையில் பழைய இடம் வலித்தது.

"அந்த ஆளுக்கு மட்டும் ஏன் பேப்பர் கப்பு?"

"அவரு கேட்டாரு."

"எனக்கு ஏன் கிளாஸு?"

"நீங்க கேக்கலியே."

ஆட்டு வியாபாரி ஒருவர் புரையேறச் சிரித்தார். நாயகம் கிளாஸோடு எழுந்து மரத்தடிக்குப் போனார்.

"தம்பி, ஏன் இங்க நிக்கிற? உள்ள வந்து உக்காரு."

"பரவால்லங்க. இங்கதான் டவர் கெடைக்கும்." கையில் போனைக் காட்டினான்.

"பேப்பர் கப்பு யாரு குடுத்தா?"

"நான்தான் வாங்கினேன்."

"ஏன்?"

அவன் முகத்தைச் சுளித்தான். "கண்டவன் வாய் வச்ச கிளாஸுல நான் எதுக்குய்யா குடிக்கணும்?"

நாயகம் நின்ற இடத்தில் நின்றார். அதே வார்த்தை. எழுத்து மாறாமல் அதே வார்த்தையை, அன்று இதே வாசலில் நின்று கொம்பையா சொன்னான். கீழத்தெருவைப் பார்த்துச் சொன்னான். இன்று இவன் யாரைப் பார்த்துச் சொல்கிறான்? இவன் மேலத்தெருக்காரன் என்றால் பழையது அப்படியே திரும்பி வந்துவிட்டது. அலுமினியத்துக்குப் பதில் பேப்பர் கப்பில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். கீழத்தெருக்காரன் என்றால்? கீழத்தெருக்காரன் எழுந்து நின்று, ஊரையே கண்டவன் என்கிறானா? அப்படியானால் அதற்குச் சிரிப்பதா, அழுவதா? எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் இதற்கு விடை போட்டிருக்கவில்லை. ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும், எல்லாம் விளங்கிவிடும்.

"தம்பி, நீ எந்தத் தெரு?"

போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "என்ன?"

"மேலத்தெருவா, கீழத்தெருவா?"

டீ ஆற்றுகிற சத்தம் நின்றது. பெஞ்சில் பேச்சும் நின்றது. நீலச் சட்டைக்காரன் கப்பைப் பைக் சீட்டின் மேல் வைத்தான்.

"வயசுல பெரியவரா இருக்கீரு. இல்லாட்டி வேற மாதிரி பதில் சொல்லியிருப்பேன்."

"தப்பா எடுக்காதடா. நான் அதுக்குக் கேக்கல..."

கடைக்காரம்மா அடுப்பைவிட்டு இறங்கி வந்துவிட்டாள். "பெரியவரே, இந்தக் கடையில அதைக் கேக்கப்படாது."

"அம்மா, நான் யாருன்னு தெரியுமா? இதே எடத்துல..."

"நீங்க யாரா வேணா இருங்க. அதைக் கேட்டவுகளுக்கு இங்க டீ கெடையாது."

"யாரு போட்ட சட்டம் இது?"

"யாரு போட்டாகளோ. முன்னால ஒரு தடவை பெரிய கலாட்டாவாம். அதுலருந்து எங்க மாமனாரு காலத்துலயே இப்படித்தான். கெளம்புங்க."

அவர் கையிலிருந்த கிளாஸை அவளே வாங்கி, பாதி டீயை ரோட்டில் ஊற்றினாள்.

"என்னையா? என்னையா போகச் சொல்றீங்க?"

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். ஆட்டு வியாபாரிகள் எழுந்தார்கள், பெண்கள் எழுந்தார்கள், கல்லூரிப் பையன்கள் எழுந்து முன்னால் வந்தார்கள். யாரும் கை வைக்கவில்லை. "நடங்க பெரியவரே" என்று ஒரு பெண் மட்டும் சொன்னாள். அவர்கள் முன்னால் முன்னால் வர, அவர் பின்னால் பின்னால் நடந்து வேன் கதவில் முட்டிக்கொண்டார்.

சற்று நேரம் கழித்து வடிவம்மா வந்து ஏறினார். கையில் இரண்டு பருப்புவடை, பேப்பரில் சுற்றியது. ஒன்றை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. வேன் பழைய ரோட்டில் திரும்பியது.

வெகுதூரம் வந்த பிறகு நாயகம் பேசினார்.

"அவன் எந்தத் தெருன்னு நீங்களாவது கேட்டீங்களா?"

"இல்லையே."

"உங்களைக் கேட்டா ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க."

"கேட்டிருந்தா எனக்கும் டீ கெடையாது. நான் பாதிதான் குடிச்சிருந்தேன் அண்ணாச்சி."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. கோபமா, வேறு ஏதாவதா என்று அவருக்கே தெரியவில்லை.

"நாளைக்கு நான் மேடையில என்னத்தைச் சொல்ல? என் கேள்விக்கு ஒரு பதிலும் கெடைக்கல. என் தோளு ஒடிஞ்ச அதே வாசல்ல, அத்தனை பேரும் எந்திரிச்சு என்னை வெளிய தள்ளிட்டாங்க."

வடிவம்மா ஒரு குழியைச் சுற்றி வண்டியை மெதுவாக ஓட்டினார்.

"ஆமா அண்ணாச்சி. தெருவைக் கேட்டதும் ஒருத்தர்கூட உக்காந்திருக்கல. நானும் எந்திரிச்சிட்டேன்."