சூரிய குலத்து வெந்நீர்

முன்னொரு காலத்தில் கோடைமங்கலம் என்ற நாட்டைச் செங்கதிர்வேந்தர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். வீரம், கொடை எல்லாம் அவரிடம் சுமார்தான். ஆனால் தாம் சூரிய குலம் என்று பேச்சுக்குப் பேச்சு சொல்லிக்கொள்வதிலும் குளிப்பதிலும் அவரை மிஞ்ச ஆளில்லை. விடிவதற்கு முன்பே அரண்மனையில் பதினெட்டு அண்டா வெந்நீர் கொதிக்கும். ராஜா குளிக்கிற நேரத்தில்தான் ஊரும் குளிக்கும். அப்படிக் குளித்துக் குளித்தே சுற்றுவட்டக் குன்றுகள் அத்தனையும் அடுப்புக்குள் போய்விட்டன. மிச்சம் இருந்தது ஊருக்கு ஓடைத் தண்ணீர் தருகிற கரடிமலை ஒன்றுதான்.

"தை பிறந்ததும் கரடிமலையில் கோடாரி போட்டுவிடலாம், மகாராஜா" என்றார் வீரசிங்கர். அரண்மனைக்கு விறகு சேர்க்கும் அதிகாரி அவர்தான். ராஜாவின் அடுப்பில் அவரும் நன்றாகக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்.

மந்திரி திருவேகம்பருக்குப் பொறுக்கவில்லை. "மலை மொட்டையானால் ஓடை வற்றும், பிரபு. அப்புறம் எதைக் காய்ச்சுவது? விறகே இல்லாமல், வெயிலை வைத்தே ஊருக்கு வெந்நீர் கிடைக்க ஒரு சட்டம் எழுதித் தருகிறேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டார்.

"சபாஷ்!" என்றார் ராஜா. "தை பிறப்பதற்குள் நூறு வீட்டிலாவது வெயில் வெந்நீர் வரவேண்டும். வராவிட்டால் மலையும் போகும், உமது மந்திரி பதவியும் போகும். அரண்மனையில் விறகு பிளக்க ஆள் குறைகிறது. அங்கே வந்து சேரும்!"

திருவேகம்பர் தம் கையைப் பார்த்துக்கொண்டார். எழுத்தாணியைவிடக் கனமான எதையும் தூக்கியறியாத கை அது.

அன்றே உட்கார்ந்து அறுபத்துநாலு விதிகள் எழுதினார். பானை எவ்வளவு உயரம், மூடி எவ்வளவு அகலம், எந்தத் திசை பார்த்து வைக்கவேண்டும், ஒன்று விடவில்லை. ஆயிரம் மண்பானை வாங்கி, கரி பூசி, வீட்டுக்கொன்றாகக் கூரைமேல் ஏற்றச் செய்தார். எழுதியதை நாலு தடவை தாமே வாசித்துத் தாமே பூரித்துப்போனார்.

பத்தே நாளில் ஊர் சிரித்தது. பகலெல்லாம் வெயிலில் இருந்த பானைத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிடச் சில்லென்று இருந்தது.

"கோடையில் மோர் ஊற்றிவைக்க வசதியாக இருக்கும், மந்திரியாரே" என்று வீரசிங்கர் சபை நடுவில் கைகொட்டினார். "கோடாரிகளுக்குச் சாணை பிடிக்கச் சொல்லிவிட்டேன். உமக்கும் ஒன்று சேர்த்துத்தான்."

வீட்டிலும் நிம்மதி இல்லை. "மண்பானையில தண்ணி வச்சா குளிரும்னு தெரிய, ஒரு நாளாவது அடுப்படிப் பக்கம் வந்திருக்கணும்" என்றாள் மனைவி உலகம்மை. "அறுபத்துநாலு விதி எழுதுனீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டிருக்கலாம்தான்" என்று முனகினார் மந்திரி. நாட்டையே ஆளும் மூளை தமக்கு என்று இருபது வருஷமாக நம்பிய மனுஷன், ஒரு பானையிடம் தோற்றதை நினைத்து நாணிப்போனார்.

உலகம்மை ஒரு செப்புத் தவலைக்கு வெளியே கரி பூசி, தண்ணீர் நிரப்பி, மூடி, காலையிலேயே மாடியில் வைத்தாள். சாயங்காலம் அதில் விரல் விட்ட மந்திரி "ஐயோ!" என்று கையை உதறினார்.

"இதை அந்தியிலேயே குளிச்சிடணும். விடியறதுக்குள்ள ஆறிப்போயிடும்" என்றாள் அவள். "ஆனா ராஜா விடியக்காலையில குளிக்கிறவரைக்கும் ஊர்ல யாரும் மாற மாட்டாங்க. முதல்ல அவரை மாத்துங்க."

மறுநாள் அந்திச் சபைக்குத் திருவேகம்பர் குளித்து, சந்தனம் மணக்க வந்தார்.

"என்ன ஓய், இந்நேரத்தில் குளியல்?" என்றார் ராஜா.

"சூரிய பகவானே காய்ச்சிக் கொடுத்த வெந்நீர், பிரபு. குளித்த பிறகுதான் என் குற்றம் உறைத்தது. தங்கள் குலத்துப் பெரியவர் காய்ச்சிய தண்ணீரில் நான் குளிக்கிறேன். தாங்களோ வீரசிங்கர் காய்ச்சியதில் குளிக்கிறீர்கள்!"

ராஜாவின் மீசை துடித்தது. வீரசிங்கர் பதறி எழுந்தார். "மகாராஜா, விடியற்காலைக் குளியல்தான் நம் பரம்பரை வழக்கம்!"

"பெரியவர் கண் விழிப்பதற்கு முன்பே குளித்து முடித்துவிடுவது மரியாதையா, வீரசிங்கரே?"

"மரியாதையே இல்லை!" என்று ராஜா அதிர்ந்தார். "நாளை முதல் எனக்கு அந்திக் குளியல். சபைக்கு வருகிறவர்களும் குளித்துவிட்டு வாருங்கள்!"

ராஜா மாறியதும் சபை மாறியது. சபையைப் பார்த்து ஊர் மாறியது. மந்திரி தம் சட்டத்தில் அறுபத்துமூன்று விதிகளை அடித்துவிட்டு, ஒன்றைப் புதிதாக எழுதினார்: தவலை வாங்க முடியாதவர்களுக்கு, அரண்மனையின் பதினெட்டுச் செப்பு அண்டாக்களை உருக்கித் தவலை செய்து தரப்படும். எழுதியதை இந்த முறை உலகம்மையிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் முத்திரை வைத்தார்.

தை முதல் நாள் மாலை ராஜா மேல்மாடத்தில் ஏறி, ஊர்க் கூரைகளில் தெரிந்த தவலைகளை எண்ணினார். நூற்று முப்பதுக்குமேல் எண்ண அவருக்குப் பொறுமை இல்லை.

"எல்லாம் வேஷம், மகாராஜா" என்றார் வீரசிங்கர். "தவலை மாடியில் இருக்கும், வெந்நீர் அடுப்பில் கொதிக்கும். எதையாவது ஒன்றைத் தொட்டுப் பாருங்கள், குட்டு உடைந்துவிடும்."

"அதோ, எல்லாவற்றிலும் பெரிதாக ஒன்று தெரிகிறதே, அதையே பார்ப்போம்" என்று ராஜா கிளம்பிவிட்டார். வீரசிங்கர் நடையில் பின்தங்கினார். ராஜா அந்த மாடியில் ஏறி, தவலைக்குள் கைவிட்டு, சுட்டுக்கொண்டார்.

"பேஷ்! இது யார் வீடு?"

"விறகு அதிகாரி ஐயா வீடுங்க" என்றான் காவலன்.

வீரசிங்கர் நெளிந்தார். "சபைக்குக் குளித்துவிட்டு வரவேண்டுமே, மகாராஜா... சும்மா கிடைக்கிற வெயில்..."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "விறகு அதிகாரிக்கே விறகு வேண்டாம் என்றால் எனக்கெதற்கு? வீரசிங்கரே, இன்றிலிருந்து நீர்தான் கரடிமலைக்குக் காவல்காரர். ஒரு மரம் குறைந்தாலும் அந்த இடத்தில் நீர் போய் நிற்கவேண்டும்!" பிறகு தம் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார்.

மந்திரி துள்ளிக் குதிக்காத குறையாக வீட்டுக்கு வந்தார். "மலை பிழைத்தது, உலகம்மை! பதவியும் பிழைத்தது!" உலகம்மை காப்பை வாங்கித் தன் கையில் போட்டுப் பார்த்தாள். பொருத்தமாக இருந்தது. திருப்பித் தரவில்லை, அவருக்கும் கேட்க வாய் வரவில்லை.

"சரி, குளித்துவிட்டு வருகிறேன். தவலையை இறக்கட்டுமா?"

"காலியா இருக்கு. இப்பத்தான் நான் தலைக்கு ஊத்திக்கிட்டேன். கிணத்தடியில வாளி இருக்கு பாருங்க."

நாட்டுக்கே வெந்நீருக்கு வழி செய்த மந்திரி அன்றைக்குப் பச்சைத் தண்ணீரில் குளித்தார். தம்மை நினைத்தால் அவருக்கே சிரிப்பாக வந்தது. பல் கிடுகிடுத்ததில் அதையும் சரியாகச் சிரிக்க முடியவில்லை.