எழுதி வைத்த கரவொலி

ஆண்டீஸ் மலையில், பஸ் போய்த் திரும்பும் கடைசி இடத்திலிருந்து ஐந்து மணி நேரம் மேலே நடந்தால் வைராபம்பா என்றொரு ஊர் வரும். நூற்றிருபது வீடுகள். அந்த ஊரில் எதை முடிவு செய்வதானாலும் ஊரே கூடித்தான் முடிவு செய்யும்.

அங்கே ஒரு சீடர் போய்ச் சேர்ந்தார். பெயர் கோமதிநாயகம். வயது அறுபத்தொன்று. தமிழ்நாட்டின் தெற்குப் பக்கத்தில் ஊராட்சி ஒன்றிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் கிராம சபை நடத்தியவர். அவர் எழுதிய தீர்மானப் புத்தகத்தில் ஒரு அடித்தல் திருத்தம் கிடையாது என்று மேலதிகாரிகளே சொல்வார்கள். அதை அவரும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

மகளுக்கு அந்த நாட்டின் தலைநகரில் வேலை. பார்க்கப் போனவருக்கு வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்கவில்லை. ஸ்பானிஷ் படித்தார். அந்தக் கண்டத்தில் மக்கள் எங்கெங்கே கூடித் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்கிறார்கள் என்று தேடித் தேடிக் குறிப்பெடுத்தார். வடக்கே பனி கொட்டும் சிற்றூர்களில் வருடத்துக்கு ஒரு நாள் ஊரே மண்டபத்தில் கூடிக் கை தூக்குவது ஒரு நோட்டில். ஏரிக்கரைப் பழங்குடிகளில் பெண்களே தலைவரை அமர்த்துவதும், சரியில்லை என்றால் இறக்குவதும் இன்னொரு நோட்டில். தெற்கே பெரிய நகரங்களில், எந்தத் தெருவுக்கு முதலில் சாக்கடை என்று தெருக்காரர்களே உட்கார்ந்து பேசுவது மூன்று நோட்டுகளில். இப்படி ஏழு நோட்டு.

அவற்றைத் தூக்கிக்கொண்டுதான் மலை ஏறினார்.

வைராபம்பாவின் தலைவி நெமேசியா. வயது முப்பத்தெட்டு. தலைமை அங்கே முறை வைத்து வரும். இரண்டு வருடம் முடிந்தால் அவர் மறுபடியும் உருளைக்கிழங்கு போடுகிறவர், அவ்வளவுதான்.

கோமதிநாயகம் ஏழு நோட்டையும் அவர் முன்னால் வைத்தார். அவர் ஸ்பானிஷ் பேசினாலும் அதில் தாமிரபரணி ஓடும்.

"அம்மா, நான் உங்ககிட்ட கத்துக்க வந்திருக்கேன். இத்தனை ஊர்ல இத்தனை விதமா மக்களாட்சி நடக்குது. அதோட உயிர் எங்கே இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"உருளைக்கிழங்கு தோண்டத் தெரியுமாய்யா?"

"தெரியாது."

"அப்ப அதை முதல்ல கத்துக்கோங்க."

நான்கு மாதம் தோண்டினார். கை காய்த்துப் போனது. கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தார். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு முடிவால் யாருக்கு அதிக இழப்போ அவர்தான் முதலில் பேச வேண்டும். அவர் யாரை வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். "பேசிட்டேன்" என்று அவர் சொல்லும்வரை வேறு யாரும் முடிவு சொல்லக் கூடாது. ஏழாவது நோட்டில் இதை எழுதி, பக்கத்தில் சிவப்பு மையில் 'கால விரயம்' என்று குறித்துக்கொண்டார் நம் சீடர்.

அந்தச் சமயத்தில்தான் சாலைப் பேச்சு வந்தது.

ஊருக்குச் சாலை இல்லாமல் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. போன மழைக்காலத்தில் பிரசவ வலி வந்த ஒரு பெண்ணைப் போர்வையில் கட்டி எட்டுப் பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே கால் வழுக்கியது. தாய் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. அதனால் மாகாண அரசு சாலை போட ஒப்புக்கொண்டபோது ஊரே அழுதது. சனிக்கிழமை என்ஜினீயர் வருவார், ஊரின் முடிவைப் புத்தகத்தோடு வாங்கிப் போவார். நாலு மணிக்குள் முடிவு இல்லை என்றால் சாலை அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும்.

ஒரே ஒரு சிக்கல். சாலை எவுலாலியாவின் வயல் வழியாகத்தான் போக முடியும். எவுலாலியா கணவனை இழந்தவர். மலைச்சரிவில் படி படியாகச் சுவர் கட்டித் திருத்திய அந்த வயலைத் தவிர அவருக்கு வேறு நிலம் இல்லை.

கோமதிநாயகத்துக்குக் கை துறுதுறுத்தது. ஊருக்கு ஒரு உபகாரம் செய்யலாம் என்று நினைத்தார். மனசு நல்ல மனசுதான், அதில் குறை சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை காலையில் தீர்மானப் புத்தகத்தை எடுத்து, சனிக்கிழமைக் கூட்டத்தை எழுதி முடித்தார். பிறகு வீடு வீடாகப் போனார். முதல் வீட்டில், "எல்லாரும் கையெழுத்துப் போடப் போறாங்க" என்றார். நடுவில், "பாதி ஊர் போட்டாச்சு" என்றார். கடைசி வீடு எவுலாலியாவுடையது. அங்கே, "எல்லாரும் போட்டுட்டாங்கம்மா" என்றார்.

எவுலாலியா அவரைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். பேனாவை வாங்கிப் போட்டுக் கொடுத்தார்.

வீடுகளில் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. முப்பது வருடமாக அவர் இப்படித்தான் செய்துவந்தார்.

சனிக்கிழமை ஊர் கூடியது. என்ஜினீயர் ஜீப்பைக் கீழே விட்டுவிட்டு மூச்சு வாங்க ஏறி வந்திருந்தார். கோமதிநாயகம் எழுந்து போய்ப் புத்தகத்தை நெமேசியாவிடம் கொடுத்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"என்னய்யா இது?"

"எல்லாம் தயார்ம்மா. நூத்திருபது கையெழுத்து, உங்க வீட்டுலயும் வாங்கிட்டேன். நீங்க வாசிச்சா போதும்."

நெமேசியா வாசித்தார். சத்தமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"சாலை எவுலாலியாவின் வயல் வழியாகச் செல்லும் என்று ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது. எவுலாலியா அம்மையார் மனமுவந்து நிலத்தை அளித்தார். ஊர்மக்கள் கரவொலி எழுப்பித் தங்கள் மகிழ்ச்சியைத் தெரிவித்தனர்."

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. சத்துர்னினோ என்ற கிழவர் காதில் கை வைத்துக்கொண்டு எழுந்தார்.

"நாம எப்ப கை தட்டினோம்?"

"நேத்தே தட்டியாச்சாம், பெரியப்பா" என்றார் நெமேசியா.

"நான் நேத்து ஆடு மேய்க்கப் போயிட்டேனே?"

"நீங்களும் தட்டியிருக்கீங்க. ஆடு ஓட்டிப் போற வழியில போட்ட கையெழுத்து இருக்கு."

ஊர் சிரித்தது. கோமதிநாயகத்துக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. எவுலாலியா மட்டும் சிரிக்கவில்லை.

நெமேசியா பக்கத்தைக் கிழிக்கவில்லை. புத்தகத்தைச் சீடரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கீழே ஒரு வரி எழுதுங்கய்யா. மேலே கண்டது நடக்கவில்லை."

அவர் எழுதினார். 

"இப்ப எவுலாலியா அக்கா பேசுவாங்க" என்றார் நெமேசியா.

எவுலாலியா எழுந்தார். "நேத்து நான் போட்டது கையெழுத்து. சம்மதம் இல்ல. எல்லாரும் போட்டாச்சுன்னு இந்த ஐயா சொன்னார். அப்புறம் நான் மட்டும் எதுக்குக் குறுக்கே நிக்கணும்னு போட்டேன்." வயல் பக்கம் கை காட்டினார். "இங்க இருந்து பேச எனக்கு வராது. வயலுக்கு வாங்க."

ஊரே எழுந்து வயலுக்குப் போனது. என்ஜினீயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார்.

எவுலாலியா ஒவ்வொரு படியாக ஏறினார். இந்தச் சுவரை நானும் அவரும் பத்தொன்பது வருடம் கட்டினோம் என்றார். இந்தக் கல் ஆற்றிலிருந்து வந்தது, இதைத் தூக்கும்போதுதான் அவருக்கு இடுப்பு போனது என்றார். கல் கல்லாகச் சொன்னார். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு கேள்வி கேட்டார். வளைத்துக்கொண்டு போக முடியாதா என்று என்ஜினீயரைக் கேட்டார். வண்டி ஏறாது என்று அவர் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். எவுலாலியா இன்னொரு முறை போட்டுக் காட்டச் சொன்னார்.

மணி மூன்றைத் தாண்டியது.

"பெரும்பான்மை இருக்கு" என்றார் என்ஜினீயர். "கையைத் தூக்கச் சொல்லுங்க, முடிச்சிடலாம்."

"அவங்க இன்னும் பேசி முடிக்கல" என்றார் நெமேசியா.

"நாலு மணிக்கு நான் கிளம்பிடுவேன்."

"சரி, கிளம்புங்க."

கோமதிநாயகம் எட்டி நடந்து வந்தார். நெமேசியாவின் காதருகே குனிந்தார். "அம்மா, சாலை போயிடும்மா!"

"போகட்டும்" என்றார் நெமேசியா.  போர்வையில் தூக்கிப்போன பெண் அவருடைய சொந்தத் தங்கை.

எவுலாலியா அவரைத்தான் கடைசியாகக் கேட்டார்.

"நெமேசியா, உன் தங்கச்சியைத் தூக்கிட்டுப் போனப்ப எங்க வழுக்குச்சு?"

நெமேசியா சுவரோரம் வந்தார். கை நீட்டிக் காட்டினார். சுவருக்கு நேர் கீழே, இருபது அடி தள்ளி.

எவுலாலியா இறங்கிப் போய் அந்த இடத்தில் நின்றார். அங்கிருந்து தன் சுவரை நிமிர்ந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். 

"மூணு படியை எடுத்துக்கோங்க" என்றார். "நாலாவது என்னோடது, அதைத் தொடக் கூடாது. என் சுவர்க் கல்லு ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது. ரோட்டோரச் சுவருக்கு அதைத்தான் வைக்கணும். வீட்டுக்கு ஒரு ஆள் வந்து, கையால எடுத்து வைக்கணும். பேசிட்டேன்."

அந்த ஊரில் யாரும் கை தட்டுவதில்லை. சத்துர்னினோ தொப்பியைக் கழற்றினார். பக்கத்தில் நின்றவர் கழற்றினார். மலைச்சரிவு முழுக்கத் தொப்பிகள் இறங்கின. நான்கு மாதம் குறிப்பெடுத்தும் இது கோமதிநாயகத்தின் கண்ணில் படவே இல்லை. அவரும் தன் குரங்குக் குல்லாவைக் கழற்றினார்.

மணி நாலரை. என்ஜினீயர் போகவில்லை. தலையில் இருந்த அரசாங்கத் தொப்பி அவர் கையில் இருந்தது.

வயல் சுவரின் மேலேயே புத்தகத்தை வைத்துப் புதுப் பக்கத்தில் எழுதினார்கள். என்ஜினீயர் தன் படிவத்தை வாசித்தார். "மாகாண அரசு வைராபம்பாவுக்கு அளித்த சாலை."

"யாரு குடுத்தது?" என்றார் எவுலாலியா.

"மாகாண அரசும்மா."

"அவங்க குடுக்கிறது சிமெண்டு. ரோடு நான் குடுத்தது. அப்படியே எழுதுங்க."

அவர் எழுதினார். எவுலாலியா முந்தின நாள் போட்டதைவிட இரண்டு மடங்கு பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையில் சுவரைப் பிரிக்க வீட்டுக்கு ஒருவர் வந்தார்கள். முதல் கல்லை எவுலாலியாவே எடுத்தார். யார் கையில் கொடுக்கலாம் என்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கோமதிநாயகத்தின் கையில் கொடுத்தார். கனமான கல். அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தவர் நெமேசியாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கீழே எவுலாலியா ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். "என் ரோட்டுல கோணலா வைக்காதே, எடு, மறுபடி வை!"

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"நான் எழுதின வரியும் அதேதான். சாலை எவுலாலியாவின் வயல் வழியாகச் செல்லும். ஒரு எழுத்து மாறல."

"ஆமா, மாறல."

"எங்க ஊர்ல முப்பது வருஷம் எழுதினேன். எத்தனையோ ரோடு, பாலம், குடிதண்ணித் தொட்டி. ஒருத்தர்கூட அதை 'என் ரோடு'ன்னு சொல்லி நான் கேட்டதில்ல. மழையில அரிச்சுப் போனாக்கூட எட்டிப் பார்க்க மாட்டாங்க. எங்க சனங்களுக்குப் பொறுப்பு இல்லன்னு நினைச்சேன்." கை மண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவங்களும் இவங்களை மாதிரிதானேம்மா? ஏன் சொல்லல?"

நெமேசியா ஒரு கல்லைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"அவங்களுக்கும் சேர்த்து நீங்களே கை தட்டிட்டீங்களேய்யா" என்றார்.