பாதியில் நின்ற உவமை

குளத்துக்கரைப் புல்லில் செம்மறியாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அன்று ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்தவக் கோயிலில் அசனம், ஊருக்கே பொதுச் சாப்பாடு. ஆட்டுக்காரர் மந்தையை விட்டுவிட்டு அசனச் சோற்றுக்கு வரிசையில் நின்றிருந்தார்.

அந்த மந்தையில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிறுதோறும் ஒரு காகம் கோயில் ஜன்னலில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்கும். பிறகு குளத்துக்கரைக்கு வந்து, ஆடுகளின் முதுகில் உண்ணி பொறுக்கிக்கொண்டே கேட்டதைச் சொல்லும். ஆடுகளுக்கு ஆசீர்வாதமும் கிடைக்கும், அரிப்பும் தீரும்.

கதை என்றால் செவலை ஆட்டுக்கு உயிர். அதற்கு இரண்டு குட்டிகள். அன்று காலையில் தாயில்லாத கறுப்புக் குட்டி ஒன்று வந்து அதன் மடியில் வாய் வைத்தது. செவலை மோந்து பார்த்தது. தன் குட்டி வாசனை இல்லை. விட்டது ஒரு முட்டு! குட்டி உருண்டு எழுந்து எங்கோ போனது. செவலை அதோடு அதை மறந்தே போனது.

அன்றைக்குக் காகம் பதறிக்கொண்டு வந்தது.

"கறுப்புக் குட்டி கருவேல முள்ளுல மாட்டிக் கிடக்கு! முள்ளுக்குப் பயந்து நரி சுத்திச் சுத்தி வருது! சீக்கிரம் வாங்க!"

கிடா அசைபோடுவதை நிறுத்தவில்லை. "ஒத்தைக் குட்டிக்காக மந்தையைக் கலைக்க முடியுமா? நீ கதையைச் சொல்லு. காதுக்குப் பின்னால பெரிய உண்ணியா இருக்கு, அதையும் பாரு!"

"ஆமா காக்கா, அது என் குட்டியும் இல்ல. நீ சொல்லு!" என்றது செவலை.

காகம் ஒரு கணம் செவலையையே பார்த்தது. பிறகு அதன் முதுகில் போய் உட்கார்ந்தது.

"இன்னிக்கு இயேசு சாமி சொன்ன உவமை. ஒருத்தருக்கு நூறு ஆடு. அதுல ஒண்ணு காணாமப் போச்சு."

"ஐயோ!"

"தன்னந்தனியா, காட்டுல நிக்குது. பசி வேற."

செவலைக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. மந்தை முழுக்க மூக்கை உறிஞ்சியது. அப்போது தூரத்தில் மெலிதாக ஒரு "மே…" கேட்டது.

"யாரது, கதை கேக்கிற நேரத்துல கத்துறது!" என்று அதட்டியது கிடா.

"அப்புறம் என்னாச்சு? அந்த ஆடு பிழைச்சுதா?" என்றது செவலை.

"தெரியல."

"என்னது! கோயில்ல சொல்லலையா?"

"கோயில்ல சொல்லிட்டாங்க. இங்க இன்னும் நடக்கல!"

உடனே மந்தையில் ஒரே அமளி.

"அந்த ஆடு ஒழுங்கா நின்னிருந்தா காணாமப் போகுமா?"

"நூறுன்னா, வெள்ளாட்டையும் சேர்த்தா?"

"எல்லாரையும் விட்டுட்டு ஒண்ணைத் தேடப் போனா, அவன் என்ன மேய்ப்பன்!"

செவலையும் தன் பங்குக்குக் கேட்டது: "பசியோட நின்னுதுன்னா, அதுக்கு ஒரு வாய் பால் குடுக்காத பாவி யாரு?"

கேட்ட வாய் அப்படியே நின்றுவிட்டது. செவலை ஓட்டமாய் ஓடியது.

நரி அதற்குள் முள்ளுக்குள் தலையை நுழைத்திருந்தது. செவலையைக் கண்டதும் இளித்தது.

"வாங்க அக்கா! இது உங்க குட்டி இல்லையே. மோந்து பாருங்க, வாசனையே வேற!"

"இப்ப என் குட்டிதான்!" என்று விட்டது ஒரு முட்டு. நரி உருண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்தது. எழுந்த வேகத்தில் ஓடியே போய்விட்டது.

செவலை முள்கிளையைக் கடித்து இழுத்தது. உதடு கிழிந்தது, ரோமம் பிய்ந்தது. குட்டி வெளியே வந்ததும் நேரே மடிக்குத்தான் போனது. இந்த முறை செவலை மோந்து பார்க்கவில்லை.

இரண்டும் கரைக்குத் திரும்பியபோதும் வாதம் ஓயவில்லை.

"எங்கேம்மா போயிட்ட செவலை?" என்று கடிந்துகொண்டது கிடா. "எல்லாரும் உவமைக்கு அர்த்தம் கண்டுபிடிக்கிறோம். உனக்கு மட்டும் அதுல அக்கறையே இல்ல!"

உவமைக்கு அர்த்தம் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். அந்த உவமைக்குள் தன்னைக் கண்டு எழுந்து போகிறவருக்குத்தான் அது சொல்லப்பட்டது.