நான்கு ஊர் நெல்லும் ஒற்றை வாசலும்

முன்னொரு காலத்தில் குன்றூர்க் கோட்டையைக் கோடைமாறன் என்னும் மன்னன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் கடைசியாகப் பேசியவர் சொல்வதே அவனுக்கு நியாயமாகப் படும்.

கோட்டைக்கு வேண்டிய நெல்லை வாங்கிச் சேர்ப்பவள் உலகம்மை. ஆற்றங்கரை, மலையடி, ஏரிக்கரை, கடலோரம் என நான்கு ஊர்களிலிருந்தும் வாங்குவாள். அவளுக்கு இருந்த நற்பெயர், அவையில் மூத்தவனான வயிரவநாதனுக்குப் பொறுக்கவில்லை.

"மன்னா, நான்கு ஊர், நான்கு விதமான அரிசி. இது அரண்மனையா, சத்திரமா? மலைக்கணவாய்க்கு அப்பால் என் மைத்துனரின் வயல் கண்ணுக்கு எட்டிய தூரம் விரிந்து கிடக்கிறது. எல்லா நெல்லையும் அவரே தருவார்" என்றான்.

"அதுவே சரி" என்றான் மன்னன்.

உலகம்மை எண்ணிப் பார்த்தாள். கணவாய் அடைபட்டால் மூவாயிரம் குடும்பங்களின் அடுப்பு அணையுமே. "மன்னா, நாளை ஒரு பகல் மட்டும் கோட்டை வாசல்களை என் பொறுப்பில் விடுங்கள். அதன் பிறகும் ஒன்றே போதும் என்று தோன்றினால், பதவியையும் நாட்டையும் விட்டுப் போகிறேன்."

மன்னன் இசைந்தான். "மூட்டையைக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள், அம்மையே" என்று வயிரவநாதன் நகைத்தான்.

மறுநாள் மன்னனும் வயிரவநாதனும் ஆற்றில் நீராடிவிட்டு, உச்சிவெயிலில் பசியோடு திரும்பினர். மூன்று வாசல்கள் பூட்டிக் கிடந்தன. திறந்திருந்த கிழக்கு வாசலை அடைத்துக்கொண்டு பட்டத்து யானை படுத்திருந்தது. வெயில் நாளில் அங்குள்ள குளிர்ந்த கல்லில் படுப்பது அதன் வழக்கம். பொழுது சாயாமல் எழாது. பாகன் கெஞ்சினால் காதை மட்டும் ஆட்டும்.

"எழுப்புமையா" என்றான் மன்னன். வயிரவநாதன் துதிக்கையைத் தட்டினான். யானை விட்ட பெருமூச்சில் அவன் தலைப்பாகை புழுதியில் உருண்டது.

மதில்மேல் உலகம்மை வந்து நின்றாள்.

"மற்ற வாசல்கள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன?" என்றான் மன்னன்.

"ஒன்றே போதுமென்று நேற்று முடிவாயிற்றே, மன்னா. இதுவும் அகலமான வாசல்தான்."

"யானை படுத்துவிட்டதே."

"யானையாவது மாலையில் எழுந்துவிடும். கணவாயில் பாறை விழுந்தால், அது எப்போது எழும்?"

மன்னன் யானையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். "வடக்கு வாசலைத் திறவுங்கள், அமைச்சரே. ஆம், இன்றுமுதல் நீங்கள் அமைச்சர். நான்கு ஊர் நெல்லும் வரட்டும். வயிரவநாதரே, உம் மைத்துனர் நெல்லும் வரலாம், ஐந்தாவதாக. அவர் வண்டி மற்ற உழவர் வண்டிகளுக்குப் பின்னால் நிற்கும். நீரும் கூடவே நின்று அளந்து கொடும்."

அந்த ஐப்பசி மழையில் மலை சரிந்து, கணவாய் வழியே நாற்பது நாள் ஒரு வண்டியும் வரவில்லை. கோட்டையில் ஓர் அடுப்பும் அணையவில்லை. வயிரவநாதன் வீட்டில் வெந்ததும் கடலோரத்து அரிசிதான். மறுசோறு கேட்டு வாங்கி உண்டான் என்று சொல்வார்கள்.