தூங்குமிடம் தெரிந்தவன்

அகழாய்வுக் குழியில் வேலை செய்தவர்களிலேயே பெரிய சோம்பேறி கொம்பையா. ஒருநாள் மதியம் தூங்கும்போது இயக்குநர் வேதரத்தினத்திடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான்.

"நாளையிலிருந்து வராதே!" என்று கத்தினார் அவர்.

"ஐயா, இங்க இன்னும் பல பேர் தூங்குறாங்க. அவங்களைப் பிடிக்கணும்னா, எங்கெங்க நல்லாத் தூக்கம் வரும்னு தெரிஞ்ச ஆள் வேணும். அதுல என்னை மிஞ்ச ஆள் இல்லீங்க."

"எங்கே, காட்டு!"

மண்மேட்டு நிழலில் ஒருவர், தார்ப்பாய்க்கு அடியில் இருவர் எனக் காட்டிக்கொண்டே போனவன், கடைசியாக இயக்குநரின் கொட்டகைக் கதவைத் திறந்தான். மின்விசிறிக்குக் கீழே கட்டில், தலையணை, அதில் தலை அழுந்திய பள்ளம்.

"இங்கதாங்கய்யா தூக்கம் பிரமாதமா வரும். எனக்குத்தான் கொடுத்து வைக்கலை."

வேதரத்தினத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, சாப்பிட்டதும் எல்லாருக்கும் அரை மணி நேரம் ஓய்வு. நேரம் பார்த்து எழுப்பிவிடுறது உன் வேலை!"

மறுநாள் மதியம் ஊரே குறட்டை விட, கொம்பையா மட்டும் கொட்டாவி விட்டபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.