மாசானம் கட்டிய கனத்த கொடி

கொடி கொடி என்கிறோமே, அதில் எத்தனை கொடி இருக்கிறதென்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? துணி காயப்போட ஒரு கொடி, கம்பத்தில் பறக்க ஒரு கொடி, பூசணிக்கு ஒரு கொடி, பொண்டாட்டி கழுத்துக்கு ஒரு கொடி. மலையடிவாரத்து மொட்டைப்பாறைக்காரர்கள் இந்தக் குழப்பமெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குக் கொடி என்றால் ஒன்றுதான். மழைக்காட்டில் மரத்துக்கு மரம் தாவி, தானும் மரமாய்த் தடித்துத் தொங்குமே, அந்த வன்கொடி.

அந்த ஊர் மாசானத்துக்கு உள்ளூரிலேயே கோமுவைப் பேசினார்கள். கோமுவின் அம்மா இசக்கியம்மாள், டவுனில் யாரோ பேசியதைக் காதில் வாங்கி வந்து கறாராகச் சொல்லிவிட்டாள்.

"தாலிக்கொடி நல்லா கனமா இருக்கணும் மருமவனே. இல்லைன்னா கோமுவ மறந்துரும்."

மறப்பதா? மாசானத்துக்குக் கண்ணை மூடினாலும் கோமு, திறந்தாலும் கோமு. கல்யாணத்தன்று விடிந்ததும் தாய்மாமன் பூதப்பாண்டியோடு காட்டுக்குள் போனான். தொடைப் பருமனில் ஒரு கொடி தொங்கியது. அரிவாளை ஓங்கினான்.

"நில்லு மாப்ள. தாலிக்கொடிய அறுத்தா என்ன அர்த்தம்?"

"புருசன் செத்துட்டான்னு அர்த்தம்."

"புருசன் யாரு?"

மாசானம் நன்றாக யோசித்தான். "நான்தான் மாமா."

"பிறவு?"

அரிவாளைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். நல்லவேளை, குடும்பத்தில் ஒரு அறிவாளி இருந்தார்.

அறுக்காமலே இழுத்தார்கள். கொடி ஓடைக்கரை வரைதான் வந்தது. பந்தல் அக்கரையில். முகூர்த்தமோ நெருங்குகிறது.

"வரமாட்டேங்குதே மாமா."

"கொடிக்குக் கால் கிடையாது, எப்படி வரும்? பொண்ணுக்கு இருக்குல்லா?"

பெண் வந்தாள், மேளம் வந்தது, ஊரே வந்தது. இசக்கியம்மாள் கொடியைத் தூக்கிப் பார்த்தாள். தூக்க முடியவில்லை. முகம் மலர்ந்துபோனது.

"எங்க நாத்தனா மவ கழுத்துல கிடக்கிறது இதுல சுண்டுவிரல் அளவுகூட வராது."

ஆம்பளைகளெல்லாம் சேர்ந்து வளைத்துப் பிடிக்க, மாசானம் மூன்று முடிச்சும் போட்டான். கோமுவின் தலை முழங்காலைத் தொட்டது.

"என்ன அடக்கம் பாருங்க, நிமிந்தே பாக்கல" என்று பெண்கள் மெச்சினார்கள். மெச்சாமல் என்ன, இப்படி நிமிராத மருமகளைத்தானே எல்லாரும் தேடுகிறார்கள்.

சாப்பாடு முடிந்து, பெண் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். கோமு எழுந்தாள். கொடி இழுத்தது. உட்கார்ந்தாள். எல்லாரும் பூதப்பாண்டியைப் பார்த்தார்கள். அவர் காட்டைப் பார்த்தார். மாசானம் கொடியைப் பிடித்து இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தான். கட்டின பொண்டாட்டியைக் காடு விடமாட்டேன் என்கிறதே.

அப்போதுதான் கோமு, குனிந்த தலை குனிந்தபடியே, புருசனிடம் முதல்முதலாக வாய் திறந்தாள்.

"ஏங்க, எனக்காக ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. நம்ம வீட்ட இந்தப் பக்கமா நகத்திக் கொண்டாந்துருங்க. பாத்து மெதுவா தள்ளுங்க, அடுப்புல பால் இருக்கு."